நாவலிலும் படத்திலும் இல்லாத கயிறு

மகனே,

உன் கட்டுரை வந்து ஒன்பது நாள் ஆகிறது. மூன்று முறை படித்துவிட்டேன். பட்டணத்து வாரப் பத்திரிகை அதை அச்சில் போடப்போகிறது, உனக்கு அங்கேயே வேலையும் கொடுக்கிறது என்று எழுதியிருந்தாய். உன் அம்மா அந்தக் கடிதத்தை மாதா படத்துக்குக் கீழே வைத்திருக்கிறாள். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் எடுத்துக் காட்டுகிறாள். "எழுத்துப்பிழை மட்டும் பார்த்து அனுப்புங்கப்பா, புதன்கிழமை ரயிலேறுறேன்" என்று கேட்டிருந்தாய். எழுத்துப்பிழை இரண்டுதான். ஆனால் கட்டுரையில் ஒரு பொய் இருக்கிறது. அது உன் பொய் இல்லை, என்னுடையது. அதைத் திருத்தாமல் நீ ரயிலேறக் கூடாது. இந்தக் கடிதத்தைத் திருச்சி பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். உறையை ஒட்டவில்லை. வழியில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கட்டும்.

நீ எழுதியிருப்பதில் பெரும்பகுதி சரி. 'ஏழாம் மடை' நாவலையும், அதை வைத்து எடுத்த 'மடை காத்த மங்கை' படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உரித்துக் காட்டியிருக்கிறாய். நாவலில் அவள் சேரிப்பெண், மடைக்காரர் மகள். கண்மாய் முட்ட நிறைந்து கரை கசிகிறது. பெரிய வீட்டுக்காரர் கலுங்கை உடைத்துவிட்டால் உபரித் தண்ணீர் போய்விடும், ஊர் தப்பிவிடும். ஆனால் கலுங்குக்குக் கீழே அவருடைய வெற்றிலைக் கொடிக்கால் இருக்கிறது. அதனால் மடையைத் திறக்கச் சொல்லி அவளைத் தண்ணீருக்குள் அனுப்புகிறார். அவள் செத்துப்போகிறாள். போலீசுக்குச் சொல்லாமல் புதைக்கிறார்கள். அவ்வளவுதான் நாவல். படத்தில் அவள் சேரியில் வளர்ந்தவள் மட்டும்தான். பிறப்பில் ஜமீன் மகள் என்று தோளில் இருக்கும் மச்சம் காட்டிக்கொடுக்கிறது. பெரிய வீட்டுக்காரர் உத்தமர். கெட்டதெல்லாம் அவருடைய மைத்துனன் செய்தது. அவள் யாரும் சொல்லாமல் தானாகவே தண்ணீரில் குதிக்கிறாள், அம்மன் அவளைத் தூக்கிக் கொடுக்கிறாள், மஞ்சள் சேலையோடும் தலையில் நலுங்காத மல்லிகையோடும் எழுந்து வருகிறாள். பதினோரு பாட்டு. சேரிப்பெண்ணைக் கதாநாயகியாகக் காட்டவும் பயம், அவளைச் சாகவிடவும் பயம் என்று எழுதியிருக்கிறாய். நன்றாகச் சொன்னாய். நானே அதைப் படித்துவிட்டு உன் அம்மாவைக் கூப்பிட்டு உரக்கப் படித்துக் காட்டினேன்.

ஆனால் உன் கட்டுரை எந்தப் பக்கத்தின் மேல் நிற்கிறதோ, அந்தப் பக்கத்தில்தான் பொய் இருக்கிறது. இடுப்பில் கட்ட ஒரு கயிறுகூடக் கொடுக்காமல் அவளை இறக்கினார்கள் என்று நாவல் சொல்கிறதே, அந்தப் பக்கம். தமிழில் இதைவிட உண்மையான பக்கம் எழுதப்படவில்லை என்று நீ எழுதியிருக்கிறாய். மகனே, கயிறு இருந்தது. பதினெட்டுப் பாகம் நீளத் தேங்காய்நார்க் கயிறு. அதன் மறுமுனை என் கையில் இருந்தது.

இது கதை இல்லை, நம் ஊரில் நடந்தது என்று உனக்குத் தெரியும். கந்தர்வக்கோட்டைக்கு ஆறு மைல் தள்ளி, பெரிய வீட்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து நாங்கள் இருந்த ஊர். சமஸ்தானம் போய் இந்தியாவோடு சேர்ந்த அதே வருஷம் ஐப்பசியில், நீ ஏழு மாதக் குழந்தை. அவள் பெயர் காத்தாயி. பதினேழு வயது. நம் பக்கத்துப் பழைய கண்மாய்களில் மடை கரையில் இருக்காது என்பதைப் பட்டணத்தில் இருப்பவர்களுக்கு நீ விளக்கவேண்டும். கண்மாய்க்குள்ளே, ஆழத்தில், இரண்டு கல்தூண்களுக்கு நடுவே தரையில் ஒரு குழி இருக்கும். அதை ஒரு கல் அடைத்திருக்கும். ஆள் முங்கிப்போய் அந்தக் கல்லை நகர்த்தவேண்டும். நகர்ந்தால் கரைக்கு அந்தப் பக்கம் வாய்க்காலில் தண்ணீர் பாயும், மேலே குமிழி கொப்பளிக்கும். கண்மாய் பாதியாக இருக்கும்போது இது ஒரு வேலை. முட்ட நிறைந்திருக்கும்போது கல்லோடு சேர்த்து ஆளையும் தண்ணீர் உறிஞ்சும். அதனால்தான் இடுப்பில் கயிறு. ஒரு இழுப்பு வந்தால் மேலே இருப்பவன் கயிற்றை விடவேண்டும். இரண்டு வந்தால் தூக்கவேண்டும். அந்தக் கயிற்றை முங்குகிறவருடைய மாமனோ மச்சானோதான் பிடிப்பார்கள். வேறு ஆளிடம் கொடுக்கமாட்டார்கள். எவன் குறுக்கே நின்றாலும் சொந்தக்காரன் இழுத்துவிடுவான் என்ற நம்பிக்கை.

அன்றைக்கு மடைக்காரர் காய்ச்சலில் கிடந்தார். மகளை அனுப்பச் சொல்லிப் பெரிய வீட்டிலிருந்து ஆள் போனது. கரையில் குடை பிடித்து நின்ற அந்த வீட்டுக் கணக்குப்பிள்ளை கயிற்றின் முனையைக் காலால் என் பக்கம் தள்ளினார்.

"டேய் வேதக்காரா, நீ புடி."

"நானாங்க? அவ மாமன் வரட்டுமுங்க."

"அவன் குறுவை அறுப்புக்குத் தஞ்சாவூர்ப் பக்கம் போயிட்டான். அந்த இடுப்புல கட்டுன கயித்த எங்க ஆளுக எவன் தொடுவான்? ஒனக்குத்தான் தீட்டுக் கெடையாதே, ஒங்க சாமியாரு சொல்லிருக்காருல்ல?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதையும் எழுதிவிடுகிறேன், சிரித்தேன். காத்தாயி இடுப்பில் முடிச்சை இறுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். பழுப்பேறிய கண்டாங்கி, முழங்காலுக்கு மேலே தார் பாய்ச்சிக் கட்டியிருந்தாள். தலையில் பூவெல்லாம் கிடையாது. "தூங்கிறாதீங்க," என்றாள். "ரெண்டு வந்தா இழுக்கணும், தெரியுமுல்ல?" தெரியும் என்றேன். இறங்கினாள்.

முதலில் ஒன்று வந்தது. விட்டேன். கொஞ்ச நேரம் கயிறு சும்மா இருந்தது. பிறகு இரண்டு. குத்துக்காலிட்டிருந்தவன் எழப்போனேன். கணக்குப்பிள்ளை என் தோளில் இரண்டு விரலை வைத்தார். "இரு. இன்னும் குமிழி வரல." கரைக்குக் கீழே, சேரி ஆட்கள் நிற்கலாம் என்று விட்ட இடத்தில், அவள் அம்மா வெள்ளையம்மா நின்றாள். கயிறு ஆடியதை அங்கிருந்தே பார்த்துவிட்டாள். "ரெண்டு வந்துருச்சு சாமி! இழுங்க சாமி!" மறுபடி இரண்டு வந்தது. "கல்லு நகராம இழுத்தா, இன்னொரு ஆள எங்கடா போய்த் தேடுறது?" என்றார் கணக்குப்பிள்ளை. அதற்கப்புறம் குமிழி வந்தது. பானை கொதிப்பது போலத் தண்ணீர் கொப்பளித்தது. எல்லோரும் ஓ என்று கத்தினார்கள். "இப்ப இழு" என்றார். இழுத்தேன். லேசாக வந்தது. முடிச்சுப் போட்ட வளையம் மட்டும் வந்தது. நாலாம் நாள் கோரைக்குள் கிடந்தாள். அவளைப் புதைத்த இடம் எனக்குத் தெரியும்.

என்னை யாரும் கட்டிப்போடவில்லை. தோளில் இரண்டே விரல். உதறியிருந்தால் குத்தகை போயிருக்கும். அந்தக் கணக்கு அப்போது எனக்குள் ஓடியதா என்று இருபது வருஷமாக என்னையே கேட்கிறேன். ஓடியது. பெரிய வீட்டைத் திட்டுவது எனக்கு எளிது, உனக்கும் எளிது. அவர்கள் செய்தது கொலை என்று இப்போதும் சொல்வேன். ஆனால் அந்தக் கொலைக்கு என் பத்து விரலும் தேவைப்பட்டன. பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். சாமியார் மூன்று ஜெபமாலை சொல்லச் சொன்னார். சொன்னேன். தீர்ந்தது, போ என்றார். அன்றைக்கு ராத்திரியே உள்ளங்கையில் இரண்டு தடவை இழுத்தது. கையில் ஒன்றும் இல்லை.

உனக்கு நாலு வயதில் ஒரு அறை விழுந்தது, ஞாபகம் இருக்கிறதா? காது ஒரு வாரம் வலித்ததாக உன் அம்மா இன்னும் குத்திக்காட்டுவாள். நீ ஒன்றும் செய்யவில்லை. நான் சவரம் செய்துகொண்டிருந்தேன். பின்னால் வந்து என் வேட்டியைப் பிடித்து, டக் டக்கென்று இரண்டு தடவை இழுத்தாய். திரும்பி அறைந்துவிட்டேன். "பச்சப்புள்ளய ஏங்க இப்புடி அடிக்கிறீங்க, பேய் புடிச்சுருச்சா?" என்று உன் அம்மா உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அவளுக்கும் போன வாரம்தான் காரணம் சொன்னேன். உனக்கு இப்போது சொல்கிறேன். மன்னிப்பு என்று பெரிய வார்த்தை போட வரவில்லை. காரணத்தையாவது தெரிந்துகொள்.

குத்தகையை நானே விட்டுவிட்டேன். அந்தக் கண்மாய்த் தண்ணீரில் விளைந்ததைத் தின்ன முடியவில்லை. கந்தர்வக்கோட்டையில் டூரிங் டாக்கீஸ் கொட்டகை போட்டிருந்தார்கள். படம் ஓட்டுகிற மிஷனைக் கற்றுக்கொண்டு ஆப்பரேட்டர் ஆனேன். அங்கேதான் அந்த எழுத்தாளர் என்னைத் தேடி வந்தார். விவசாயச் சங்கத்து ஆட்கள் அனுப்பியிருந்தார்கள். ஒல்லி, இருமல், கோபக்காரர். எனக்கு உடனே பிடித்துவிட்டது. நம் வீட்டில்தான் இரண்டு வாரம் தங்கினார். கொடிக்கால், கலுங்கு, கணக்குப்பிள்ளையின் குடை, எல்லாம் சொன்னேன். "இடுப்புக்குக் கயிறு உண்டுங்களா?" என்று கேட்டார். உண்டு என்றால் அடுத்த கேள்வி என்னவென்று எனக்குத் தெரியும். "அதுகளுக்கு யாருங்க கயிறு குடுக்குறா?" என்றேன். கோபமாகவே சொன்னேன். என் கோபம் நிஜமானது, அதனால் பொய் உறுத்தவில்லை. அவர் நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கியிருந்தது. நோட்டில் எழுதிக்கொண்டார். நீ கொண்டாடும் பக்கம் அப்படிப் பிறந்தது. எழுத்து உனக்குத் தொழிலாகப் போகிறது, ஒன்றைக் கவனித்துக்கொள். பொய் பயந்தவனிடமிருந்து மட்டும் வருவதில்லை. ஆத்திரத்தோடு, நியாயத்தின் பக்கம் நின்றுகொண்டு பேசுகிறவனையும் இன்னொரு தடவை விசாரி. அவன் கைகள் அப்போது எங்கே இருந்தன என்று கேள்.

நீ மூன்றாம் வகுப்பு படித்த வருஷம் படம் எங்கள் கொட்டகைக்கு வந்தது. முதல் நாள் நான் மிஷனுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். மச்சம் வந்தது, சிரித்தேன். பெரிய வீட்டுக்காரர் சேரிக்குழந்தையைத் தூக்கிக் கொஞ்சினார், காறித் துப்பினேன். பிறகு அவள் முங்குகிற காட்சி வந்தது. அந்தக் காட்சி தேவையில்லாத நீளம் என்று நீ எழுதியிருக்கிறாய். அதை அடித்துவிடு. அந்தப் படத்தில் உண்மை என்று ஏதாவது இருந்தால் அது அங்கேதான் இருந்தது. பாட்டு நின்றுவிடுகிறது. வாத்தியம் ஒன்றும் இல்லை. மிஷன் ஓடுகிற சத்தம் மட்டும். தண்ணீருக்கடியில் ஒரு கை கல்லைத் தடவுகிறது. தடவிக்கொண்டே இருக்கிறது. பிறகு அந்தக் கை இடுப்புக்குப் பக்கத்தில் வந்து, மூடித் திறக்கிறது. மறுபடி மூடித் திறக்கிறது. இரண்டு தடவை. படத்தில் கயிறு கிடையாது. நாவலிலும் கிடையாது. பாவசங்கீர்த்தனத்தில் தவிர நான் யாரிடமும் சொன்னதில்லை. அந்த நடிகையின் கைக்கு அந்த இரண்டை யார் சொல்லிக்கொடுத்தது? எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அன்றைக்கு மிஷன் விளக்கில் கார்பன் குச்சியைத் தள்ள மறந்துவிட்டேன், திரை மங்கிவிட்டது, கொட்டகை முழுக்க விசிலடித்தார்கள்.

நாவலில் அந்த இடம் நாலு வரி. நான் நாலு வரிக்குமேல் சொல்லவில்லை, அவரால் எழுத முடியவில்லை. ஊர், சாதி, கொடிக்கால், கலுங்கு, இவை நாவலில் உண்மை. படத்தில் எல்லாம் பொய். தண்ணீருக்குள் அவள் இருந்த நேரம் மட்டும் படத்தில் இருக்கிறது, நாவலில் இல்லை. இதையும் சேர்த்துச் சொன்னால்தான் உன் ஒப்பீடு முழுதாகும்.

இரண்டாம் நாள் வெள்ளையம்மா வந்தாள். ஆறு மைல் நடந்து வந்திருந்தாள். பெண்கள் பக்கத்தில், மணல் தரையில், குட்டைச்சுவரை ஒட்டி உட்கார்ந்தாள். கடைசி ரீலில் கதாநாயகி தண்ணீரிலிருந்து எழுந்து வந்தபோது வெள்ளையம்மாவும் எழுந்து நின்றாள். "ஏ கெழவி, உக்காரு, மறைக்குது!" என்று பின்னாலிருந்து கத்தினார்கள். மூன்றாம் நாளும் வந்தாள். நான் கேபின் ஓட்டை வழியாக அவள் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குள் ஆத்திரம் ஏறியது. இவளிடம்கூடப் பொய் சொல்லிவிட்டார்களே, பெற்றவளே நம்புகிறாளே என்று. நாலாம் நாள் நான் ஒரு காரியம் செய்தேன். கடைசி ரீலைப் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை. அந்தக் கை இரண்டு தடவை மூடித் திறந்ததும் ரீல் தீர்ந்தது. வெள்ளைத் திரை. விளக்கைப் போட்டுவிட்டேன். நாவலில் போலவே அவளைத் தண்ணீரோடு விட்டுப் படத்தை முடித்துவிட்டேன் என்று எனக்குப் பெருமை.

கூட்டம் கண்ணைக் கசக்கிக்கொண்டு திரையைப் பார்த்தது. பிறகு பிடித்துக்கொண்டார்கள். "என்னய்யா ஆப்பரேட்டரு, அம்மன் லீவா?" "மொதலாளி, அவள மேல தூக்கி வுடச் சொல்லுங்க, வீட்டுக்குப் போகணும்!" "நேத்து வந்தவ இன்னிக்கு எங்கய்யா போனா?" முதலாளி கேபினுக்குள் தலையை நீட்டி, ரீல் அறுந்துவிட்டது என்று நான் சொன்னதை நம்பாமல், என் ஏழு தலைமுறையையும் திட்டிவிட்டு, கூட்டத்தைச் சமாளிக்க வாசலுக்குப் போனார். கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது. வெள்ளையம்மா மட்டும் எழுந்திருக்கவில்லை. வெள்ளைத் திரையைப் பார்த்தபடி மணலில் இருந்தாள்.

இறங்கிப் போனேன். "படம் முடிஞ்சிருச்சு, போ" என்றேன். அவளை அதுவரை 'போ, வா' என்று தவிர வேறு மாதிரி பேசியதில்லை.

"இன்னும் வரலையே," என்றாள்.

"வராது. அவ்வளவுதான்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். வாழ்நாளெல்லாம் எங்களைச் சாமி என்றே கூப்பிட்டவள். அன்றைக்குத் தம்பி என்றாள். "ரெண்டு வந்துருச்சே தம்பி. இன்னிக்கும் இழுக்காம நிக்கிறீங்களே."

மேலே ஓடினேன். ரீலை மாட்டும்போது இரண்டு தடவை நழுவியது. கார்பனைப் பற்றவைத்து, காலிக் கொட்டகையில், ஒரே ஒருத்திக்காகக் கடைசி ரீலை ஓட்டினேன். அவள் எழுந்து வந்தாள், மஞ்சள் சேலை, மல்லிகை, எல்லாம். பார்த்து முடித்ததும் வெள்ளையம்மா எழுந்து மணலைத் தட்டிக்கொண்டாள். "சரி தம்பி, வாரோம்," என்றாள். வாரேன் என்று சொல்லவில்லை. ரோட்டில் நடக்கும்போது தன் இடதுபக்கம் ஒரு ஆள் வருமளவு இடம் விட்டு நடந்தாள். புளியமரத்தடியில் நின்று, யாரோ பின்தங்கிவிட்டது போலத் திரும்பிப் பார்த்து, "ம், வெரசா வா" என்றாள். அதற்குப் பிறகு படம் ஓடிய மூன்று நாளும் அவள் வரவில்லை. வரவேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை.

அதோடு போயிருந்தால் நான் உனக்கு எழுதியிருக்கமாட்டேன். படம் வந்த மறு வருஷம் பெரிய வீட்டுக்காரர் மடைக்கு எதிரே கரையில் ஒரு கோயில் கட்டினார். மடை காத்த அம்மனாம். உள்ளே இருக்கும் படம் அந்த நடிகையின் முகம், காலண்டரிலிருந்து பார்த்து வரைந்தது. ஐப்பசியில் பெரிய வீட்டுப் பெண் ஒருத்திக்கு மஞ்சள் சேலை கட்டி உட்காரவைத்துப் பூசை. சேரி ஆட்கள் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நின்று கும்பிடலாம். கரையில் அன்றைக்கு நின்றவர்களில் பாதிப்பேர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். நான் ஒவ்வொருவராகக் கேட்டிருக்கிறேன். ஒருவன் மஞ்சள் சேலை என்கிறான். ஒருவன் தானாகக் குதித்தாள் என்கிறான். பயந்து சொல்லவில்லை மகனே, கண்ணைப் பார்த்துச் சொல்கிறார்கள். கணக்குப்பிள்ளை படுத்த படுக்கையாக இருந்தபோது போய்ப் பார்த்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "பெரியவரு எவ்வளவு தடுத்தாரு, கேட்டாளா? நீயும் நின்னியே, பாத்தியே" என்றார். பொய் சொல்கிறவனின் முகம் எனக்குத் தெரியும், அது என் முகம். அவர் முகத்தில் அது இல்லை. அவர் அப்படித்தான் பார்த்திருக்கிறார்.

உன் கட்டுரை வந்த நாலாம் நாள் பஸ் ஏறி வெள்ளையம்மாவைப் பார்க்கப் போனேன். அச்சில் வருவதற்கு முன்னால் அவளிடம் சொல்லிவிடவேண்டும் என்று. அறுபதைத் தாண்டிவிட்டாள். குடிசை வாசலில் கோரை உரித்துக்கொண்டிருந்தாள். எதிரே தரையில் உட்கார்ந்தேன். "ஆத்தா, நான் ஒண்ணு சொல்லணும். அன்னிக்குக் கயித்தப் புடிச்சவன் நான். ரெண்டு வந்துச்சு. நான் இழுக்கல."

உரிப்பதை நிறுத்தாமல் சிரித்தாள். "என்ன தம்பி இப்புடிச் சொல்றீங்க? நீங்கதானே இழுத்தீங்க. எல்லாரும் வேணாங்குறாங்க, நீங்க கேக்கலையே. கையெல்லாம் தோலு உரிஞ்சு ரத்தமாக் கொட்டுச்சு. நாந்தான் மஞ்சப் பத்துப் போட்டுவிட்டேன். மறந்துட்டீங்களா?"

"இல்ல ஆத்தா. நான் இழுக்கவே இல்ல. அவ வரல."

"போங்க தம்பி. இழுக்காமயா வந்தா?" என்று சொல்லிவிட்டுக் குடிசைக்குள் திரும்பி, "அடியே, தம்பி வெயில்ல வந்துருக்காரு, குடிக்கத் தண்ணி கொண்டாடி" என்றாள். யாரும் வரவில்லை. உள்ளே இருட்டு. அவள் காத்திருந்தாள். நானும் காத்திருந்தேன், என்ன எதிர்பார்த்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. பிறகு அவளே எழுந்துபோய்ச் செம்பில் மொண்டு வந்தாள். சேரியில் நான் தண்ணீர் குடித்தது அதுதான் முதல் தடவை. வேதக்காரனுக்குத் தீட்டுக் கிடையாது என்பதெல்லாம் கரையில் பேசுகிற பேச்சு. குடித்தேன். பாசி வாடை அடித்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கை எரிந்தது. தேங்காய்நார் உரசினால் எரியுமே, அந்த எரிச்சல். மஞ்சள் பத்தின் குளிர்ச்சிகூட ஞாபகம் வந்தது. அவள் விரல் என் உள்ளங்கையில் தடவியது ஞாபகம் வந்தது. கணக்குப்பிள்ளையைத் தள்ளிவிட்டு, எழுந்து நின்று, வாங்கி வாங்கி இழுத்தது ஞாபகம் வந்தது. பார்த்தேன், கையில் தழும்பு இல்லை. மிஷன் சூடு பட்ட பழைய கொப்புளத் தடம் மட்டும் இருந்தது. ஆனால் மகனே, அந்த ஞாபகம் எவ்வளவு சுகமாக இருந்தது என்பதை நான் உன்னிடம் மறைக்கமாட்டேன். இருபது வருஷத்தில் முதல்முறையாக உள்ளங்கையில் அந்த இரண்டு இழுப்பு இல்லை. நான் துப்பிய படமே என்னை விடுதலை செய்ய வந்து நிற்கிறது. கணக்குப்பிள்ளையையும் இப்படித்தான் செய்திருக்கும்.

அதனால்தான் அவசரப்படுகிறேன். இன்றைக்கு எனக்கு நிச்சயமாகத் தெரியும். அடுத்த ஐப்பசிக்குத் தெரியுமா, சொல்ல முடியாது. வெள்ளையம்மா அந்தப் பொய்யை வைத்துக்கொள்ளட்டும், அதை அவளிடமிருந்து பிடுங்க எனக்குக் கையில்லை. பெரிய வீடும் நானும் அதை வைத்துக்கொள்ளக் கூடாது. பத்திரிகையை யாராவது அவளுக்குப் படித்துக்காட்டிவிட்டால் என்ன செய்வது என்று உன் அம்மா கேட்டாள். படித்துக் காட்டினாலும் அவள் சிரிப்பாள் என்றுதான் நினைக்கிறேன்; அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருக்கிறது என்பதும் தெரிகிறது. உன் வேலை போகலாம். சங்கத்து ஆட்கள், நாவலைக் கெடுத்துவிட்டான் என்று உன்னைத் திட்டுவார்கள். பெரிய வீடு, பார்த்தாயா, கயிறு கொடுத்திருக்கிறோம் என்று சொல்லிக்கொள்ளும். சொல்லட்டும். கயிறு கொடுத்தார்கள், இழுக்கவிடவில்லை. அது நாவலில் இருப்பதைவிடக் கொடியது என்று எழுத உனக்குத் தெரியும்.

எழுத்துப்பிழை இரண்டையும் சிவப்பு மையில் திருத்தியிருக்கிறேன். கயிறு இல்லை என்கிற பக்கத்தை முழுக்க அடித்திருக்கிறேன். அந்த இடத்தில் இதைப் போடு: கயிறு இருந்தது. இரண்டு தடவை வந்தது, மறுபடி இரண்டு தடவை வந்தது. பிடித்தவன் இழுக்கவில்லை. அவன் பெயரையும் ஊரையும் போடு. கட்டுரைக்குக் கீழே உன் பெயர் வருமே, அதற்குப் பக்கத்தில், நான் அவனுடைய மகன் என்று போட்டுக்கொள்.

உன் அப்பா